நாலாவது பாட்டில் கேட்கும் என் குரலை அழிப்பது குறித்து

திரு. எழிலன் அவர்களுக்கு,

செஞ்சி பூரணி திருமண மண்டப மேலாளர் தாண்டவராயன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் டிரம்ஸும் சேதமில்லாமல் சென்னை போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, வெட்கம்தான். போனில் பேச வாய் வராததால் கடிதம்.

தை மாதம் தாங்கள் என் மகள் பூங்குழலியைப் பெண் கேட்டு வந்தபோது, "தட்டுமுட்டு அடிக்கிறவனுக்கெல்லாம் பொண்ணு இல்ல, எழுந்து போப்பா" என்று சொன்னவன் நான். பாதி குடித்த காபி டம்ளரைக்கூடக் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அப்படிப்பட்டவனுடைய மண்டபத்திலேயே, ஆடி மாதம் கல்யாணமில்லாமல் சும்மா கிடக்கிறது என்று, உங்கள் குழுவின் நாலு பேரும் ஜாஸ் கச்சேரி வைத்து, அதை அப்படியே ஆல்பமாகப் பதிவு செய்ய வந்தீர்கள். பியானோ வாசிப்பது மகள், மறுக்க முடியவில்லை. "நைனா, ஒரு தடவ உக்காந்து கேளு. அப்புறமா வேணாம்னு சொல்லு" என்றாள். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்று பாட்டு வரை கட்டிய கை அவிழவில்லை. ஜாஸ்காரர்கள் எல்லாரும் காலங்காலமாக வாசிக்கிற பழைய உருப்படிகளாம். இருக்கட்டும், அதற்காக இப்படியா, கிளம்பிவிட்ட திண்டிவனம் பஸ்ஸைத் துரத்துகிறவன் மாதிரி ஓட்டுவது? நாலாவது பாட்டில் அப்சல் தம்பி சாக்ஸபோனை உச்சத்துக்குக் கொண்டுபோக, தாங்கள் டிரம்ஸை விளாசு விளாசு என்று விளாச, எனக்கு இன்னா ஆச்சுன்னே தெரியல, முப்பது வருஷமாக இதே மண்டபத்தில் தாலி கட்டும் நேரம் மேளக்காரரைப் பார்த்து விரலை ஆட்டிப் பழகின கை, தானா மேல போயிடுச்சு, நாற்காலி மேல ஏறி நின்னு "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"னு கத்திட்டேன். கத்தினதோட போச்சா? வாசலில் சந்தனம் கொடுக்கிற நம்ம அம்மாக்கண்ணு, கூட்டத்தைக் கண்ட பழக்கதோஷத்துல எல்லார் கையிலயும் அட்சதையும் கொடுத்திருக்குது. நம்ம ஜனத்துக்குக் கெட்டி மேளம்னு காதுல வுழுந்தா கை சும்மா இருக்குமா? முந்நூறு பேரும் எழுந்து தூவிட்டாங்க. பியானோவுக்குள்ள அரிசி, சாக்ஸபோன் வாய்க்குள்ள அரிசி. எம் பொண்ணு மூஞ்சியெல்லாம் மஞ்சள் அரிசி ஒட்டிக்கிட்டு, வாசிக்கிறத நிறுத்தாம என்னைப் பாத்துச் சிரிக்குது. பக்கத்துல உங்க தலையிலயும் அரிசி. அதைப் பார்த்து நான் அழுதேன். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது கூட்டு ரோடு பக்கம் தலைகாட்ட முடியவில்லை. "பொண்ணப் பெத்தவரே கெட்டி மேளம் சொல்லிட்டாரு, இன்னும் இன்னா யோசன?" என்கிறார் மளிகைக் கடை ராஜாராம். அவலூர்பேட்டையில் இருக்கும் என் தங்கச்சியோ, "ஆடி மாசத்துல அட்சத போட்டியாமே, எனக்கு ஒரு வார்த்த சொன்னியா?" என்று சண்டைக்கு வருகிறாள். ஊர் பரவாயில்லை, ஆல்பம் வெளிவந்தால் ஊர்பேர் தெரியாதவனெல்லாம் கேட்பானே. மகளிடம் அழிக்கச் சொன்னேன். "லைவ் நைனா. உன் கொரலு எல்லா மைக்கிலயும் ஏறிக்கிச்சு" என்று கையை விரித்துவிட்டாள். அவள் பிடிவாதம் தங்களுக்குத் தெரியும், என்னிடமிருந்து வந்ததுதான். ஆகவே தாங்களாவது எப்படியாவது அந்தக் குரலை அழித்துவிடவும். டம்ளரை வாங்கிக்கொண்டதற்கும் மன்னிக்கவும். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தங்கள் பெற்றோருக்கு என் வணக்கம். சாக்ஸபோனை ஒருமுறை தலைகீழாகத் தட்டிப் பார்க்கும்படி அப்சல் தம்பியிடம் சொல்லவும்.

தலைகுனிவுடன்,
தாண்டவராயன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் மகள் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினாள். என் சத்தம் தாளத்தில் கச்சிதமாக விழுந்திருக்கிறது. அழிக்க வேண்டாம். ஆவணியில் ஒரு நல்ல முகூர்த்த நாளில் மண்டபம் காலியாக இருந்தது, உங்கள் இருவர் பெயரையும் பதிவு நோட்டில் எழுதிவிட்டேன். அன்றைக்கு நான் பெண்ணைத் தாரை வார்த்துவிட்டு நிற்பேன். கத்தலாம்னாலும் அழுகைதான் வரும். அதனால அந்தக் குரலை மட்டும் பத்திரமா தனியா எடுத்து வையுங்க, மாப்பிள்ளை. தாலி கட்டும்போது அதைப் போட்டுடலாம்.