எங்கள் வீட்டு லைசென்ஸ் ஒழிப்பு

1998-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டில் அரசாங்கத்தை ஒழித்தேன்.

அரசாங்கம் என்றால் சாவித்திரி. என் மனைவி. ரெண்டாவது காபிக்கு அவள் அனுமதி வேண்டும். செகண்ட் ஷோவுக்கு வேண்டும். பிரியாணி என்று மனசுக்குள் நினைக்கவே வேண்டும்.

நான் ஆரணியில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் வேலை பார்க்கிறவன். ஞாயிறுதோறும் என் வீட்டு முன் ரூமில் நண்பர்கள் மூவர் கூடுவார்கள். அரசாங்கம் எதிலும் தலையிடக் கூடாது என்று ஆஸ்திரிய நாட்டுப் பொருளாதார அறிஞர்கள் எழுதியதை ஜெராக்ஸில் படித்துவிட்டுக் கத்துவோம்.

"எந்தத் தறியில எதை நெய்யணும்னு டில்லி எதுக்குச் சொல்லணும்?" என்பான் பவர்லூம் வைத்திருக்கும் சடையப்பன்.

"மனுசங்களைச் சும்மா வுட்டா, அவங்களே குடுத்து வாங்கி ஒழுங்கா இருப்பாங்க" என்பான் தனசேகரன்.

ஜான் தலையாட்டுவான்.

ஒருநாள் சாவித்திரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆஸ்திரேலியா எத்தினி ரன்னு?"

இவளுக்கு எங்கே புரியப் போகிறது என்ற தைரியத்தில்தான் அந்த ஞாயிறு அறிவித்தேன்.

"சாவித்திரி, இன்னிலேர்ந்து இந்த வீட்ல யாரும் யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேணாம்."

"நானுமா?"

"நீயும்தான்."

"அப்பால மாத்திப் பேச மாட்டீங்களே?"

"எழுதியே தரேன்!"

எழுதி, கையெழுத்துப் போட்டு, பீரோவில் ஒட்டினேன்.

ஆறு நாள் சொர்க்கம். நாலு பிரியாணி, மூணு செகண்ட் ஷோ.

ஏழாம் நாள், ஞாயிறு, நண்பர்களோடு உள்ளே நுழைந்தால், முன் ரூம் நிறையப் பிள்ளைகள். நடுவில் பக்கத்து வீட்டு ஜாய்ஸ் டீச்சர். டியூஷன்!

"யாரைக் கேட்டு வுட்ட?" என்றேன்.

சாவித்திரி பீரோவைக் காட்டினாள்.

"இது வேற. சொத்து விஷயம்! சொத்துக்காரன் சொல்றதுதான்..."

"வீடு எங்கப்பா என் பேர்ல எழுதினதுங்க."

"வாடகையாவது வாங்குறியா?"

"எதுக்கு? டீச்சருக்கு எடம் இல்லாம பேஜாரா இருந்திச்சி. நம்ம பொண்ணு காவ்யாவுக்குக் கணக்கு வரல. எடம் குடுத்தேன், கணக்கு சொல்லித் தராங்க. ரெண்டு பேருக்கும் லாபம். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல."

அத்தனையும் எங்கள் வசனம். ரன் கேட்டவளா இவள்? ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"சரி. அடுத்த ஞாயிறு ரூம் எங்களுக்கு வேணும். பதிலுக்கு என்னா கேக்குற?"

"அன்னிக்குச் சமையல் நீங்க நாலு பேரும்."

"நியாயமான பேரம். ஒத்துக்கோ" என்றான் தனசேகரன்.

ஒத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கே அடுப்படியில் நாங்கள். ஜான் வெங்காயம் உரித்து அழுதான். சடையப்பன் டில்லியைத் திட்டிய வேகத்தில் பருப்பைத் தீய விட்டான். திடீரென முன் ரூமிலிருந்து கோரஸ்.

"பத்தொம்பது மூணு அம்பத்தேழு!"

கரண்டியோடு ஓடினேன். அதே பிள்ளைகள். அதே டீச்சர்.

"சாவித்திரி! ரூம் எங்களுதுன்னு பேசினோமே!"

"உங்களுதுதாங்க. சமையல் முடிச்சிட்டு ஜல்தியா வாங்க. நாலு பேரும் கிச்சன்ல நின்னுகினு இருக்குற வரைக்கும் ரூம் சும்மாதானே கெடக்குது?"

அடுப்படியில் ரசம் பொங்கியது. கரண்டியோடு திரும்பி ஓடினேன்.