ஹவில்தார் மாயவனின் புத்தாண்டு நிதித் திட்டம்

நாட்டைக் காப்பது எளிது. மளிகைச் சாமானைக் காப்பதுதான் கடினம் என்ற மாபெரும் உண்மையை, 2006ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி காலை ஆறு மணிக்கு, விருத்தாசலம் செராமிக் பேட்டைக்குப் பின்புறத் தெருவில் கண்டறிந்தவர் ஹவில்தார் மாயவன். இதற்காக அவருக்குப் பதக்கம் எதுவும் தரப்படவில்லை. வரலாறு இப்படிப் பலரைக் கைவிட்டிருக்கிறது.

காஷ்மீரில் இருந்த ஹவில்தார் அறுபது நாள் விடுப்பில் டிசம்பர் இரண்டாம் வாரம் ஊருக்குக் கிளம்பினார். அதற்கு முந்தின வாரம் முகாமில் ‘புத்தாண்டும் படைவீரர் குடும்பத்தின் நிதித் திட்டமிடலும்’ என்று ஒரு சொற்பொழிவு நடந்தது. மற்றவர்கள் கதகதப்புக்காகப் போய் உட்கார்ந்தார்கள். மாயவன் பன்னிரண்டு பக்கம் குறிப்பெடுத்தார். ரயிலில் அதைப் பதினேழு பக்கமாக வளர்த்தார். ஜங்ஷனில் இறங்கியபோது அவரிடம் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு கொள்கையும் இருந்தன. குடும்பம் ஒரு படைப்பிரிவு; செலவு எதிரி; குடும்பத் தலைவனே தளபதி.

தளபதி வருடத்தில் பத்து மாதம் ஊரில் இருப்பதில்லை என்கிற சிறு விஷயம் பதினேழு பக்கத்தில் எங்கும் வரவில்லை. சிறு விஷயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் திட்டம் போட முடியாது.

முதல் தேதி காலை மனைவி தனக்கோடியும் மகள் சிவசங்கரியும் கூடத்தில் ‘ஆஜர்’ ஆனார்கள். சுவரில் ஒரு சார்ட் தாள் தொங்கியது. அதன் தலையில் கொட்டை எழுத்தில் ‘குடும்ப நீதித் திட்டம்’ என்று எழுதியிருந்தது. பதினெட்டு வருட இந்தி, ஹவில்தாரின் தமிழில் ஒரு சுழியைக் கூட்டியிருந்தது. தளபதியின் சுழியைத் திருத்தும் துணிச்சல் படையில் யாருக்கும் இல்லை.

“முதல்ல படை பலம். ஒம்பதாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு...”

“பத்தாவதுப்பா.”

“போன லீவுல ஒம்பதாவதுன்னியே?”

“அது போன லீவுப்பா.”

ஹவில்தார் பெருந்தன்மையோடு திருத்திக்கொண்டார். “சரி, மாசச் செலவு எவ்ளோ?”

“மூவாயிரத்து எறநூறுங்க” என்றாள் தனக்கோடி. செராமிக் பேட்டையில் ஒரு கம்பெனியில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை அவளுக்கு. பிள்ளையாரிலிருந்து வாத்து வரை அவள் கண் திறந்துவிடாத ஜீவன் அந்தப் பேட்டையில் கிடையாது. பெயரில் மட்டும் கோடி வைத்திருந்த அவள், மூவாயிரத்து இருநூறில் ஒரு வீட்டை எப்படி ஓட்டுகிறாள் என்பதை ஹவில்தார் கேட்கவில்லை. சார்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

“அதிகம்! பாலு எவ்ளோ வாங்குற?”

“அர லிட்டருங்க.”

“இனிமே கால் லிட்டரு.”

“நீங்க ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிறீங்களே?”

“அது ராணுவச் செலவு. தனித் தலைப்பு.”

பத்து மணிக்கு மாயவனின் பழைய கூட்டாளிகள் புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். அவர்களுக்காகக் மிலிட்டரிக் கேன்டீன் பாட்டில்கள் இரண்டு திறக்கப்பட்டன. மங்கலம்பேட்டையிலிருந்து மூன்று கிலோ கறி வந்தது. இவை ‘நல்லெண்ண நடவடிக்கை’ என்ற தலைப்பில் பதிவாயின. அந்த வாரம் முழுக்க நல்லெண்ணம் பெருகிற்று. வாடகைக் காரில் ஸ்ரீமுஷ்ணம்வரை போய்வந்தது.

சனிக்கிழமை ஆய்வுக் கூட்டம். சிவசங்கரி அறிக்கை வாசித்தாள்.

“பாலுல மிச்சம் இருவத்தி நாலு ரூவா. வாரத்துக்கு மொத்தச் செலவு நாலாயிரத்து அறநூறு.”

“ஒரு வாரத்துக்கா!” மாயவன் எழுந்து நின்றுவிட்டார். “எந்தப் பக்கமா ஊடுருவியிருக்குது?”

“கறி, மீனு, காரு வாடகை, சோடா. இதெல்லாம் டிசம்பர் பதினஞ்சு வரைக்கும் இல்லப்பா.”

“பதினஞ்சாம் தேதி என்னா நடந்துது?”

சிவசங்கரி அறிக்கையை மடித்தாள். பதினைந்தாம் தேதிதான் அப்பா வந்து இறங்கினார்.

“வூட்டுக்கு வந்த மனுசன் நாலு வாய் தின்னா அது செலவாங்க? உட்டுத்தள்ளுங்க” என்றாள் தனக்கோடி. பாசத்தை எந்தத் தலைப்பில் பதிவது என்று ஹவில்தாரின் குறிப்பில் இல்லை. ஆகவே பக்கத்தைப் புரட்டினார். அடுத்த தலைப்பு: முதலீடு.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தசாமி வந்தார். அவரும் முன்னாள் ராணுவம்தான். இப்போது ஒரு தனியார் கம்பெனியின் காப்பீட்டு ஏஜென்ட். தாய்நாட்டுக்குச் செய்தது போதாதென்று தாய்மார்களுக்கும் சேவை செய்துகொண்டிருந்தார்.

“இருவது வருசத் திட்டம் தங்கச்சி. அண்ணனுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சின்னு வெச்சிக்க, பத்து லட்சம்!”

“ஒண்ணும் ஆவலன்னா?”

“அப்ப கொஞ்சம் கொறையும்.”

“அப்ப இவரு உசுரோட திரும்பி வந்தா நமக்கு நட்டமாங்க?”

கோவிந்தசாமி காபியை ஒரே மூச்சில் குடித்தார். இத்தனை வருடத் தொழிலில் இந்தக் கேள்விக்கு அவருக்குப் பயிற்சி தரப்படவில்லை.

“பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாது” என்று மாயவன் சமாளித்தார். “ஒன் மகளிர் குழுச் சேமிப்புல இருக்குற இருவதாயிரத்த எடுத்து இதுல போட்டுடு. செவ்வாக்கெழம கையெழுத்து.”

“அது ஷெட்டுக்கு அட்வான்சுங்க.”

அவள் கண் எழுதும் கம்பெனியின் முதலாளி தன் மகனோடு குடியிருக்கச் சென்னைக்குப் போகிறார். ஷெட்டையும் சூளையையும் குத்தகைக்கு விடுகிறார். குழுப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து எடுத்து நடத்துவதாகப் பேச்சு. பொங்கலுக்குள் பணம் கட்ட வேண்டும். தவறினால் கடலூர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு, அவருடைய ஆட்களைக் கூட்டிவந்துவிடுவார். பத்துப் பேருக்கும் வேலை போய்விடும். இதையெல்லாம் தனக்கோடி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். ஹவில்தார் பொறுமையாகக் கேட்டு, தீர்ப்பளித்தார்.

“பொம்மை ஒடையும் தனம். பாலிசி ஒடையாது.”

தனக்கோடி சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “டீ போடட்டுங்களா?” என்றாள். படைத்துறை அகராதியில் இதற்குப் பெயர் ‘எதிர்ப்பின்றிச் சரணடைதல்’ என்று மாயவன் நிம்மதியாக நினைத்தார்.

மறுநாள் காலை எழுந்தபோது அவள் வீட்டில் இல்லை. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். ராணுவச் செலவுத் தலைப்பின் கீழ் ஒரு டீ போடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தார். நீலமாக ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது; சிலிண்டர் தீர்ந்துபோயிற்று. கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஏஜென்சி எந்தத் தெருவில் என்று தெரியவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. எண்ணெய் எந்த டின்னில் என்று தெரியவில்லை. சர்க்கரை டப்பா என்று திறந்ததில் உப்பு இருந்தது. பத்து மணிக்கு, இருட்டில் எல்லைக் காவல் நின்றபோதுகூட வராத ஒரு பயம் வந்தது: இதே மாவட்டத்து மங்களூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாளோ?

பதினோரு மணிக்கு நெற்றி நிறைய விபூதியோடு தனக்கோடி வந்தாள்.

“எங்க போன? எனக்கு உசுரே இல்ல!”

“கொளஞ்சியப்பர் கோயிலுக்குங்க. பிராது கட்டிட்டு வந்தேன்.”

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் குறையை மனுவாக எழுதிக்கொடுத்து, அங்கே காவல் நிற்கும் முனியப்பரின் ஈட்டியில் கட்டிவிட்டால், அவர் எதிராளியிடம் போய் விசாரிப்பார், தொண்ணூறு நாளில் தீர்ப்பு என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. வாய்தா கிடையாது. மேல்முறையீடு கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ளவும் முடியாது.

“யார் மேல?”

“ஒங்க மேலதாங்க.”

“என்னான்னு எழுதின?”

“‘என் வூட்டுக்காரரு நல்லவரு. பத்து மாசம் நானே கணக்கு பாத்து, கடன் இல்லாம குடும்பத்த ஓட்டுறேன். ரெண்டு மாசம் வந்து இருக்குறவரு எனக்குத் திட்டம் போட்டுக் குடுக்குறாரு. சாமி பாத்து அவருக்கு நல்ல புத்தி குடுக்கணும்’னு எழுதினேங்க.”

சார்ட் தாள் மின்விசிறிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. ஹவில்தார் மெதுவாகக் கேட்டார்.

“வாபஸ் வாங்க முடியாதா தனம்?”

“முடியுங்க. அட்வான்ஸ் கட்டின அன்னைக்கே, பிராது தீந்துதுன்னு கோயில்ல ராஜினாமா எழுதிக் குடுத்துடலாம்.”

செவ்வாய்க்கிழமை கையெழுத்து வாங்க வந்த கோவிந்தசாமியை ஹவில்தார் வாசலிலேயே நிறுத்தினார். “மேலிடத்துல எம்மேல ஒரு கேஸு நடக்குதுப்பா. இப்ப எதுலயும் கையெழுத்துப் போட முடியாது” என்று ரகசியமாகச் சொன்னார். ராணுவ விசாரணை என்று எண்ணிய கோவிந்தசாமி சல்யூட் வைத்துவிட்டுப் போனார், மறுபடி வரவில்லை.

புதன்கிழமை பத்துப் பெண்களும் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்து, மாயவன். விறைப்பாக நின்றுதான் போட்டார். பிறகு கணவனும் மனைவியும் கோயிலுக்குப் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். பஸ்ஸில் அவருக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

“பதினாறு வருசமா எம்மேல ஒரு பிராது கட்டினதில்ல நீ. நான் காஷ்மீருல இருக்குறப்ப கட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. கண்ணு முன்னால நிக்கிறப்ப ஏன் கட்டின?”

“எதிராளி எம்மாந்தூரத்துல இருக்காரோ, முனியப்பரு போயிட்டு வர அத்தன கிலோமீட்டருக்குக் கோயில்ல படிக்காசு கட்டணுங்க. இப்ப நீங்க மூணு கிலோமீட்டரு. காஷ்மீருன்னா மூவாயிரத்துச் சொச்சம். நீங்க சொன்னது சரிதாங்க, முன்கூட்டித் திட்டம் போட்டா செலவு கொறையத்தான் செய்யுது.”

மாயவன் பெருமையாகத் தலையாட்டினார். தனக்கோடி டிக்கெட்டை மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

“இன்னும் ஏழு பிராது சேத்து வெச்சிருக்கேங்க. ஒங்க லீவு முடியறதுக்குள்ள எல்லாத்தயும் கட்டிடலாம்னு இருக்கேன்.”