கை கோத்து வணங்கிய வாசகர்கள்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நேற்று நூலகத்துக்குச் சோதனைக்கு வந்தபோது, "உறவெல்லாம் வீட்டோட சார், இங்க எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க" என்று சொன்னது நீங்கள்தான். பெண்ணைக் கொடுத்த இடத்தில் 'சார்' பட்டம் வாங்கிக்கொண்டு நானும் "சரிங்க ஆபீசர்" என்றேன். அதனால் எழுத்திலேயே கொடுக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படவும்.

நகராட்சிப் பணத்தில் நடக்கும் எங்கள் நிகழ்கலை நூலகத்துக்கு ஆளே வருவதில்லை, ஆகவே வெள்ளிக்கிழமைக் கூட்டத்தோடு மானியத்தை நிறுத்தி, நாடகப் பிரதிகளையும் ஒலிநாடாக்களையும் மூட்டை கட்டிவிட்டு, கட்டடத்தை வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிடலாம் என்பது உங்கள் மேலிடத்தின் யோசனை. உங்கள் அறிக்கையை வைத்துத்தான் முடிவாம். வருகைப் பதிவேடு காலியாக இருப்பது வாஸ்தவம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பதிவேடு இருப்பது முன்வாசலில். எங்களிடம் வருகிறவர்களோ ஆடுகிறவர்கள், பாடுகிறவர்கள், நடிக்கிறவர்கள். எந்தக் கட்டடமானாலும் பின்வாசலைத் தேடிப்போய் நுழைவது அவர்களுடைய பிறவிக்குணம். முன்வாசல் டிக்கெட் வாங்கினவர்களுக்கு என்று அவர்கள் மனசில் ஊறிப்போயிருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்து திமுதிமுவென்று பின்பக்கமாக வந்து, அலமாரியைக் குடைந்து, நின்றபடியே வசனத்தை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விடுகிறார்கள். "முன்னாடி போய் ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்கப்பா" என்று நான் கத்தாத நாளில்லை. யார் காதில் விழுகிறது?

நீங்கள் வருகிற தகவல் கிடைத்ததும் நாடகக்குழு இயக்குநரைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒரு நாள் எல்லாரும் முன்வாசல் வழியா வந்து சும்மா உக்காந்து படிங்க, அது போதும்" என்றேன். சும்மா இருப்பது என்றால் என்னவென்றே அந்த மனுஷருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. "வாசகர் வேஷமா? விடுங்க சார், ஜமாய்ச்சிடலாம்" என்று சொல்லிப் போய் ஒத்திகையே வைத்துவிட்டார். தினசரி நிஜமாகவே வந்து படிக்கிற ஆட்கள் மாப்பிள்ளை! படிக்கிற மாதிரி நடி என்றதும் ஒருத்தருக்காவது படிக்க வர வேண்டுமே!

மிச்சத்தை நீங்களே பார்த்தீர்கள். மேசைக்கு ஒரு பக்கம் மட்டும் அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்களே, அது ஏன் என்று உங்களுக்குக் குழம்பியிருக்கும். பார்க்க வந்தவருக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது மேடை ஒழுக்கமாம். இடிமுழக்கம் என்று நாங்கள் கூப்பிடும் அந்தத் தடித்த ஆள், ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் "ஆகா! என்ன அருமை!" என்று தெருமுனை வரை கேட்கிற மாதிரி பெருமூச்சு விட்டார். ஒரே புத்தகத்துக்கு இரண்டு அம்மாக்கள் சண்டை போட்டார்களே, அந்தப் புத்தகம் நூலகத்துடையதே அல்ல, மின்வாரியத்தின் தொலைபேசிக் கையேடு. ஆராய்ச்சி மாணவராக வந்தவர் அறிவுக்களைப்பால் மயங்கி விழுவதாக ஏற்பாடு. அவர் விழுந்ததும் நீங்கள் பதறித் தண்ணீர் தெளிக்க, அவர் நெற்றியில் வரைந்திருந்த சுருக்கமெல்லாம் கரைந்து உங்கள் கைக்குட்டையில் ஒட்டிக்கொண்டது. நான் தூணுக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டேன். எப்படியோ நீங்கள் கிளம்பினீர்களே, தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள், அத்தனை வாசகர்களும் எழுந்து, கை கோத்து, குனிந்து வணங்கினார்கள். ஒருத்தர் பழக்கதோஷத்தில் ஜன்னல் திரையை இழுத்தும் மூடிவிட்டார். இருட்டில் நீங்கள் "ரொம்ப நல்லா இருந்துது சார்" என்று சொன்ன குரல் இன்னும் என் காதிலேயே நிற்கிறது.

எல்லாரும் வேஷம் என்று நீங்கள் அறிக்கையில் எழுதப்போவது எனக்குத் தெரியும். எழுதுங்கள். ஆனால் ஒரே ஒருத்தரை மட்டும் தள்ளிவைத்துவிட்டு எழுதுங்கள். ஒலிநாடா அறையின் மூலையில், அந்த மங்கல் வெளிச்சத்தில், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாரே, வெள்ளைத் தாடிப் பெரியவர், அவர் குழுவைச் சேர்ந்தவர் இல்லை. இயக்குநரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். "சத்தியமா நம்ம ஆள் இல்ல சார், இருந்தா அவ்வளவு மெதுவாப் பேச விட்டிருப்பேனா?" என்கிறார். நீங்கள் அவரிடம் எதற்கு இங்கே வருகிறீர்கள் என்று கேட்டீர்கள். அவர் கரகரத்த குரலில் சொன்னதை நானும் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "வீட்ல அழ முடியாதுங்க. ஏன் எதுக்குன்னு கேப்பாங்க, இல்லேன்னா கேக்கவே மாட்டாங்க. இங்க வந்து இதைக் காதுல மாட்டிக்கிட்டா பாட்டுக்கு அழறேன்னு நினைச்சுக்குவாங்க. ஊர்ல இப்படி வேற இடம் இல்ல" என்றார். அதை நீங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டீர்கள்.

அந்த ஒரு நிஜ வாசகருக்காகவாவது நூலகம் நடக்க வேண்டும், நடக்கும். வருடா வருடம் கையேந்த வைக்காமல் மானியத்தை நகராட்சியின் நிரந்தரச் செலவில் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். பதிவேட்டை நான் இன்று காலையே பின்வாசலில் ஆணி அடித்துக் கட்டிவிட்டேன். கூட்டத்தில் முடியாது என்று தீர்மானம் போட்டால் சாவியைக் கேட்டு ஆள் அனுப்புவார்கள், அனுப்பட்டும். நான் உள்ளே உட்கார்ந்துகொள்வேன். மாப்பிள்ளை என்றாலும் சரி, ஆபீசர் என்றாலும் சரி, என்னைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். எனக்கு முழங்கால் வலி வேறு, தூக்குவது சுலபமில்லை.

அத்தை உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். பல்வலிக்கு மருத்துவரைப் பார்க்காமல் இழுத்தடிக்க வேண்டாமாம். இருவரும் எல்லா நலமும் பெற்று ஒருவருக்கொருவர் துணையாய் நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நூலகர் (அலுவலக நேரத்தில்), மாமா (மற்ற நேரத்தில்)

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் என் மகள் வந்தாள். கடிதத்தை வாங்கிப் படித்து விழுந்து விழுந்து சிரித்தாள். தாடிப் பெரியவர் இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. "அது நான்தாம்ப்பா" என்றாள். ஒப்பனைக்காரரைத் தனியாகப் பிடித்து, இயக்குநருக்குக்கூடத் தெரியாமல் வேஷம் போட்டுக்கொண்டு வந்தாளாம். பெற்றவனுக்கே அடையாளம் தெரியவில்லை, உங்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆக, நிஜம் என்று நான் மேலே அடித்துச் சொன்ன ஒரே ஆளும் வேஷம்தான். என் வாதம் முழுக்கத் தள்ளுபடி. "அப்ப நீ பேசினதும் நடிப்பாம்மா?" என்று கேட்டேன். "தாடி மட்டும்தான்" என்றாள். எதற்கு அழுதாய், எத்தனை நாளாக என்று கேட்டால், "அதை அவர் கேக்கட்டும்ப்பா" என்கிறாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் தாடி இல்லாமல் வந்து அதையே எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறாளாம். நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள் மாப்பிள்ளை. நூலகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.