கிளிப்பச்சை ரோஜா

நான் வெட்டியது ஒரு புடவையை. ஒரு கல்யாணத்தை அல்ல. இதை எங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இன்றைக்கும் ஏதாவது விசேஷத்துக்குப் போனால், "வாங்க வாங்க, கத்திரிக்கோல் எடுத்தாரலியே?" என்றுதான் வரவேற்கிறார்கள். வாயால் விளக்கம் சொல்லப் போனால் பாதியிலேயே யாராவது சிரித்துவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். (நான் சத்தமாகப் பேசுகிற ஆளும் இல்லை. பாலக்கரையில் நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் கேட்க வெட்கப்பட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பி நடந்து வந்தவள் நான்.)

பத்தாவதோடு என் படிப்பு முடிந்தது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை. ஃபியூஸ் கட்டைகள் சூளைக்குப் போகும் முன் ஓரத்துப் பிசிறை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். யாரோடும் பேசத் தேவையில்லை. அதனாலேயே எனக்கு அந்த வேலை பிடிக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் போனில் வீடியோ பார்ப்பேன். அப்படிப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் பழைய துணியில் பூ செய்வது.

துணியை வட்டம் வட்டமாக வெட்டி, ஓரத்தை மெழுகுவத்திச் சுடரில் லேசாகக் காட்டினால் இதழ் மாதிரி சுருண்டுகொள்ளும். பெரிய வட்டம் அடியில், சின்ன வட்டம் மேலே என்று அடுக்கி, நடுவில் ஒரு மணியை வைத்துத் தைத்தால் ரோஜா. ஆனால் எல்லாத் துணியும் இதற்கு ஒத்துழைக்காது. பருத்தி கருகிவிடும். என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியில் செய்து பார்த்தபோது ரோஜா வரவில்லை, சுட்ட அப்பளம் வந்தது. எல்லாவற்றையும்விட அழகாகச் சுருள்வது ஒரு வகைதான். விசேஷ வீடுகளில் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்களே, அந்த வழவழப் புடவை.

அந்தப் புடவையை யாரும் கட்டுவதில்லை. வாங்குகிறவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவாள், வீட்டுக்கு வந்து பீரோவில் போடுவாள், அடுத்த விசேஷத்துக்கு அதே கவரோடு இன்னொருத்திக்கு வைத்துக் கொடுப்பாள். பிறந்த இடத்தை மறந்து ஊர் ஊராகச் சுற்றும். கட்டாமலேயே பழசாகிவிடும். பழைய துணி என்றால் அதுவும் பழைய துணிதானே?

என் வீட்டுக்காரரின் தங்கை சாந்தி, எனக்கு நாத்தனார். அவள் மகள் திவ்யாவுக்கு கம்மாபுரம் பக்கத்தில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. தை மாதம் நிச்சயதார்த்தம். ஒருநாள் சாந்தி எங்கள் வாசலில் தொங்கிய துணிப்பூச் சரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணி, மேடைக்குப் பின்னால மாட்ட பூவு வேணும். நெசப் பூவு மத்தியானத்துக்குள்ள வாடிப் பூடும். இந்த மாதிரி பண்ணிக் குடுங்க. யாரு பண்ணதுன்னு எல்லாரும் கேப்பாங்க, எங்க அண்ணின்னு சொல்லுவேன்."

அந்தக் குடும்பத்தில் மருமகளாக நுழைந்த நாளிலிருந்து என்னிடம் யாரும் வெங்காயம் உரிப்பதைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. தலைகால் புரியவில்லை எனக்கு. வீட்டிலிருந்த பழைய சுடிதார், துப்பட்டா, ஜன்னல் திரை எல்லாவற்றையும் வெட்டினேன். வெள்ளைக்கும் ரோஸுக்கும் குறைவில்லை. ஆனால் நடுவில், பெண்ணின் தலைக்கு மேலே வருகிற பெரிய ரோஜாவுக்குக் கண்ணைப் பறிக்கிற நிறம் வேண்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் தீபாவளிக்குச் சாந்தி எனக்கு வைத்துக் கொடுத்த புடவை ஞாபகம் வந்தது. கிளிப்பச்சை. அதில் கத்திரிப்பூ நிறத்தில் மாங்காய் மாங்காயாகப் போட்டிருந்தது. கண்ணைப் பறிக்கும் என்றால் உண்மையாகவே பறிக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தால் சுவரிலும் மாங்காய் தெரியும். ஒரு தடவை அதைப் பட்டறைக்குக் கட்டிக்கொண்டு போனேன். சூளைச் சூட்டில் உடம்போடு ஒட்டிக்கொண்டு, நடந்தால் சடசடவென்று சத்தம் போட்டது. அன்றோடு மடித்து வைத்துவிட்டேன். இப்போது மெழுகுவத்தியில் காட்டினேன். எப்படிச் சுருண்டது தெரியுமா? அந்தப் புடவை பிறந்ததே அதற்காகத்தான் போல.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் பூக்களைக் கொண்டுபோய்ச் சின்ன மண்டபத்தில் மாட்டினேன். சாந்தி வந்து பார்த்தாள்.

"அண்ணி, இந்தப் பச்ச ரொம்ப எடுப்பா இருக்குது. எங்க கெடச்சுது?"

கொடுத்தவளே கேட்கிறாள். என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து, வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு நின்றேன். "நீ குடுத்ததுதான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. அவள் நிஜமாகவே கேட்டாள் என்பதும், தீபாவளிக்குக் கவரைக்கூடச் சரியாகப் பார்க்காமல் தூக்கிக் கொடுத்திருக்கிறாள் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வேன்களில் வந்து இறங்கினார்கள். திவ்யா மேடையில் உட்கார்ந்தாள், தலைக்கு மேலே கிளிப்பச்சை ரோஜா. எதிரே முதல் வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா விஜயா. பெரியவர் ஒருவர் பத்திரிகை வாசித்தார். தாத்தா பேர், கொள்ளுத் தாத்தா பேர் என்று நீண்டுகொண்டே போனது. அவ்வளவு நேரமும் விஜயாவுக்குப் பார்ப்பதற்கு என் ரோஜாவைத் தவிர வேறு எதுவும் இல்லை.

வாசித்து முடித்துத் தட்டு மாற்றப் போகிற நேரம்.

"சம்பந்தி, இங்க கொஞ்சம் வாங்க" என்றார் விஜயா. "அந்த நடுப் பூவு?"

சாந்திக்கு முகமெல்லாம் பல். "எங்க அண்ணி கையால பண்ணது."

"கையி யாருதுன்னு கேக்கல. துணி யாருது?"

சாந்தி ரோஜாவைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கும் அந்த மாங்காய் தெரிந்தது.

"பூ வைக்க வந்தப்போ ஒங்களுக்கு நான் வச்சுக் குடுத்த பொடவைதான அது?" என்றார் விஜயா. "நாங்க ஆசையா வச்சுக் குடுத்தத வெட்டிக் கொடியில தொங்க வுட்டிருக்கீங்க. எங்களுக்கு நீங்க காட்டுற மரியாத இவ்ளோதானா?"

மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த புடவையைத்தான் தீபாவளிக்குச் சாந்தி என் தலையில் கட்டியிருக்கிறாள் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து அவள் செய்ததுதான் பொறுக்க முடியாதது. மண்டபம் முழுவதும் கேட்கும்படி என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அண்ணி, என் பீரோவுலருந்து எடுத்தீங்களா? கேட்டிருந்தா வேற பொடவ குடுத்திருப்பனே."

திருடி என்று சொல்லவில்லை. அவ்வளவு நல்ல மனசு. என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? வாயிலிருந்த கேசரியை நிதானமாக முழுங்கிவிட்டு, "கேட்டுட்டு எடுக்கறதுக்கு இன்னா?" என்றார். (இருபது வருஷத்துக்கு மேல் சோறு போட்ட கை இது. அன்று ராத்திரி அவருக்குப் பழைய சோறுதான்.)

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டத்தின் நடுவில் வாயைத் திறந்தேன்.

"தீபாவளிக்கு நீதான சாந்தி வச்சுக் குடுத்த. கவர் கூட பிரிக்காம குடுத்த. பிளவுஸ் பிட்டு வூட்டுல அப்படியே இருக்குது. அத வெட்டல. வேணும்னா எடுத்தாரேன்."

பிளவுஸ் பிட்டு யாருக்கு வேண்டும்? ஏன் அதைச் சொன்னேன்? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன்.

விஜயா எழுந்துவிட்டார். "சரிதான். குடுத்ததக் கவரோட தள்ளி வுட்டாச்சு. இந்த வூட்டுல நாளைக்கி எம் புள்ளைக்கு மட்டும் இன்னா மரியாத கெடைக்கும்? தம்பி, எழுந்திரு. தட்டு மாத்த வேணாம்."

மாப்பிள்ளை பாவம், பாதி எழுந்து பாதி உட்கார்ந்தபடி நின்றான். திவ்யா என்னைப் பார்த்தாள். "அத்தை" என்றாள், அவ்வளவுதான். அவள் கண்ணில் மை கரையத் தொடங்கியிருந்தது. அவளுக்கு மேலே நான் செய்த ரோஜா மின்விசிறிக் காற்றில் சந்தோஷமாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பூமி பிளந்திருந்தால், நானே முதலில் அந்த ரோஜாவை அதில் தள்ளிவிட்டு அப்புறம் குதித்திருப்பேன்.

அப்போது மாப்பிள்ளையின் பெரியம்மா, விஜயாவின் கூடப்பிறந்த அக்கா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடை ஏறினார். தங்கைக்காகச் சண்டை போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். ரோஜாவைப் பிடித்து ஓர் இதழை நிமிண்டிப் பார்த்தார்.

"விஜயா, இங்க வா."

"நீ சும்மா இரு அக்கா."

"சும்மாதான் இருந்தேன். இந்த மாங்காய நான் மறப்பனா? ஒன் வூட்டு கிரகப்பிரவேசத்துக்கு மங்கலம்பேட்டையில நான் எடுத்தாந்த பொடவ இது. இந்தக் கலரு வேணாம்னு ஒங்க மாமா தலையால அடிச்சிக்கினாரு. விஜயாவுக்கு நல்லா இருக்கும்னு நான்தான் எடுத்தேன்."

விஜயா மெதுவாக உட்கார்ந்தார். "அது வேற பொடவக்கா. அது இருக்குது வூட்டுல."

"இருக்குதா? கட்டிக்கிட்ட போட்டோ ஒண்ணு காட்டு."

யாரோ பின்வரிசையில் 'களுக்' என்று சிரித்தார்கள். பெரியம்மா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "நான் கேக்குறேன், இந்தப் பொடவைய ஒருத்தியாவது கட்டினீங்களா?"

மண்டபத்திலேயே அதைக் கட்டியவள் நான் ஒருத்திதான். சூளைப் பக்கத்தில் வேர்க்க வேர்க்க ஒரு நாள் முழுக்கக் கட்டியிருந்தேன். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு உண்டான பேச்சை நான் ஏற்கனவே பிளவுஸ் பிட்டுக்குச் செலவழித்துவிட்டேன்.

அதற்கப்புறம் தட்டு மாற்றிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு சம்பந்திகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பெரியம்மா அடுத்த கேள்வி கேட்பதற்குள் மாற்றி முடித்துவிட்டார்கள். திவ்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். எனக்கும் உயிர் வந்தது.

ஆனால் பந்தியில் கேட்டேன் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் அப்படி ஒற்றுமை.

"எல்லாம் சரி சம்பந்தி, ஒரு பொடவையப் போயி வெட்டுவாங்களா?"

"அதான் பாருங்க சம்பந்தி. எங்க அண்ணிக்கு வெவரம் பத்தாது."

எங்கேயாவது உண்டா இந்த அநியாயம்? பிடிக்காத புடவையைக் கைமாற்றியவர்களுக்கு விவரம் உண்டு. பிரித்துப் பார்த்து, கட்டிப் பார்த்து, கடைசியில் அதை ஒரு பூவாகவாவது ஆக்கியவளுக்கு விவரம் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வகையறாவில் எந்த விசேஷத்திலும் எனக்குப் புடவை கிடையாது. தட்டு என் பக்கம் வரும்போது, "அண்ணிக்குத் துணி வைக்காதீங்க, பூவாக்கிடுவாங்க" என்று சாந்தி குரல் கொடுப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் பீங்கான் ஊறுகாய் ஜாடி. வெட்ட முடியாதல்லவா. நாள் முழுக்கப் பீங்கானைத் துடைத்துவிட்டு வருகிறவளுக்குப் பீங்கான். என் சமையலறை அலமாரி இப்போது ஜாடிக் கடை மாதிரி இருக்கிறது.

போன மாதம் திவ்யாவின் குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். சாந்தி சிரித்துக்கொண்டே வழக்கம்போல ஒரு ஜாடியை நீட்டினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால், மூடிக் குமிழுக்குப் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம். பீங்கானில் குறை தேடுவதுதானே என் பிழைப்பு. அந்தக் கொப்புளம் எனக்குத் தெரியும். கடையில் வேறு ஜாடி இல்லாததால் அந்தக் குறையோடு வாங்கி, திவ்யாவின் கல்யாணத்துக்கு நான் சாந்திக்குக் கொடுத்த ஜாடி அது. அதே கயிறு, அதே கவர்.

நார்த்தங்காய் வாங்கி வந்து, நறுக்கி, உப்புப் போட்டு, அந்த ஜாடியை வாய் வரைக்கும் நிரப்பிவிட்டேன்.

நேற்று வீட்டுக்கு வந்த சாந்தி அலமாரியைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனாள்.

"ஐயையோ அண்ணி, அதுலயா ஊறுகா போட்டீங்க? புது ஜாடி ஆச்சே அது."