ரோஜாவுக்குள் ஒரு பேய்

பேய் வர வேண்டிய நேரத்தில் ஒரு ரோஜாச் செடி வந்து நின்றது.

எட்னா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ரோஜாதான். பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட மனிதர் ஒருவர் கையில் கத்தரியுடன், மொட்டுக்கு மேலே சாய்வாக வெட்ட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒரே இரைச்சல். இரைச்சலுக்குள்ளிருந்து அறிவிப்பாளர் எதற்கோ "வருந்துகிறோம்" என்றார். இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் யாராவது எதற்காவது வருந்தாத நாள் ஏது? எட்னா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரெக்கார்டரில் ஓடிக்கொண்டிருந்த, அரை ரொட்டி அளவுள்ள அந்தக் கேசட்டில் இருக்க வேண்டியது 'கரிய ஜன்னல்' தொடரின் ஏழாவது கதை. எழுபதுகளில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பேய்க்கதையாக வந்து, யார்க்ஷயரில் பாதிப் பேரைச் சோபாவுக்குப் பின்னால் ஒளிய வைத்த தொடர் அது. ஒளிபரப்பிய கையோடு நாடாவை அழித்து, அதிலேயே வேறொன்றைப் பதிவது அந்தக் காலத்துச் சிக்கனம். மற்ற கதைகள் எப்படியோ தப்பிப் பிழைத்தன. ஏழாவது, 'நிலவறை மணி', உலகத்தில் எங்கேயும் இல்லை.

எட்னா வீட்டுக் கார் ஷெட்டில் மட்டும் இருந்தது. அவள் கணவர் கிளிஃபர்ட் டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர். கடைக்குப் புதிதாக வந்த ரெக்கார்டரைச் சில நாள் வீட்டுக்குத் தூக்கி வந்து அதைப் பதிந்து வைத்தார். வெள்ளிக்கிழமை மாலை எட்னாவுக்குத் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி. அதனால் அவள் பார்க்கவில்லை. ஆனால் சுவரைப் பிளந்துகொண்டு வரும் கையைப் பற்றி கிளிஃபர்ட் சொல்லிச் சொல்லி, அவளுக்கு அந்தக் கையின் நகம்கூடத் தெரியும்.

வசந்தத்தில் கிளிஃபர்டுக்கு இதய ஆபரேஷன். அதற்குப் பிறகு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடி எதிர்வீட்டுப் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். தொலைந்த கதைகளைத் தேடி ரசிகர் சங்கம் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்த அன்றுதான் எழுந்து முகம் மழித்தார். கார் ஷெட்டுக்குப் போய்ப் பழைய ரெக்கார்டரைப் பிரித்தார், மாட்டினார், சீட்டியடித்தார். வரும் சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் படம். "அதுவரைக்கும் யாரும் டேப்பைத் தொடக் கூடாது" என்று உத்தரவு வேறு.

எட்னா தொட்டுவிட்டாள். தூசி தட்டப் போனவள், அந்தக் கையைத்தான் ஒருதரம் பார்ப்போமே என்று போட்டுவிட்டாள்.

இப்போது அவளுக்கு எல்லாம் விளங்கியது. அந்த ரெக்கார்டர் வீட்டில் இருந்தபோது, கிளிஃபர்ட் கடைக்குப் போன ஒரு பகலில், அவளும் ரோஜா நிகழ்ச்சியைப் பதிந்து பார்த்தாள். அவளுடைய கேசட்டில் கடைசியில் ஒன்றுமே விழவில்லை. தனக்கு இயந்திரம் ஆகாது என்று அன்றைக்கு விட்டுவிட்டாள். விழாமல் என்ன? கேசட்டை மாற்றிப் போட்டிருக்கிறாள். உலகத்தின் கடைசிப் பேயை ரோஜாச் செடியால் மூடிவிட்டாள்.

"இதை அவர்கிட்ட சொன்னா இன்னொரு ஆபரேஷன்தான்" என்றாள், பக்கத்து வீட்டு மேவிஸிடம்.

"சொல்லாதே. தள்ளிப் போடு" என்றாள் மேவிஸ். "அவருக்குச் சளின்னு போன் பண்ணு. இந்த ஊர்ல சளிக்கு யாரும் சாட்சி கேக்க மாட்டாங்க."

எட்னா ரசிகர் சங்கத்துச் செயலாளர் காட்ஃப்ரிக்குப் போன் செய்தாள்.

"சளியா? அப்ப அவரை அலைக்கழிக்க வேண்டாம் மிஸஸ் சக்டன்" என்றார் காட்ஃப்ரி. "நாங்களே உங்க வீட்டுக்கு வந்துடறோம்."

"வேண்டாங்க, வீடு சின்னது..."

"இன்னும் நல்லது. பேய்க்கதைக்குச் சின்ன ரூம்தான் எடுப்பு. ஒரு சந்தோஷ சமாச்சாரம் சொல்லட்டுமா? கதாநாயகி மிஸ் கார்டீலியா ஃப்ரேன் வரேன்னுட்டாங்க. தொண்ணூறு வயசுல, ரயிலேறி."

எட்னா மெல்லக் கேட்டாள். "ஏன் சார், அதுல நிஜமாவே அந்தக் கதை இருக்கும்னு நம்பறீங்களா?"

"அந்த வார டிவி பத்திரிகை எங்கிட்டயே இருக்கு. கறுப்பும் வெள்ளையுமா அச்சடிச்சிருக்கான். இதைவிட என்ன சாட்சி வேணும்?"

அடுத்து ரெக்கார்டர். கிளிஃபர்ட் எதையும் எறியாத மனிதர், மேசை இழுப்பறை நிறைய எரிந்துபோன ஃபியூஸ். எட்னா அதில் ஒன்றை எடுத்து, ரெக்கார்டரின் பிளக்குக்குள் இருந்த நல்ல ஃபியூஸுக்குப் பதிலாக மாட்டினாள். இயந்திரம் செத்தது.

கிளிஃபர்ட் வந்து பட்டனை அழுத்தினார். ஒன்றும் இல்லை. எட்னா அடுக்களையிலிருந்து ஒட்டுக்கேட்டாள். திட்டுவார் என்று நினைத்தாள். சீட்டிதான் கேட்டது.

"எட்னா, ஓடி வா. என்ன கோளாறுன்னு சொல்லு பார்ப்போம்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"ஃபியூஸு. மோந்து பாத்தே கண்டுபிடிச்சுட்டேன். கடையை மூடினதுக்கப்புறம் இந்தக் கையால ஒரு ரிப்பேர் பாத்து எத்தனை காலமாச்சு தெரியுமா?" அவர் கண் பளபளத்தது. "நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லணும், எனக்கு மாத்திரையே வேண்டாம்னு."

சொல்ல நினைத்திருந்ததை எட்னா தேநீரோடு சேர்த்து விழுங்கினாள்.

சனிக்கிழமை காலையில் மேவிஸ் கடைசி யோசனையோடு வந்தாள்.

"அடியே, ரொட்டி சுடற ஓவன்ல வெச்சிரு. உருகிடும்."

"ஓவன்ல டேப் எப்படி வந்துச்சுன்னு கேப்பாரே."

"மறதின்னு சொல்லு. இந்த வயசுல நமக்கு அது ஒண்ணுதான் லாபம்."

எட்னா கேசட்டை ஓவனில் வைத்தாள். ஆனால் சூட்டைக் கூட்டக் கை வரவில்லை. தட்டுகளை வெதுவெதுப்பாக்கும் அளவுக்குத் திருகிவிட்டு, அது சாவதைப் பார்க்கச் சகிக்காமல் தோட்டத்துக்குப் போனாள். அங்கே அவளுடைய ரோஜாக்கள் நின்றன. அவற்றையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

நெடுநேரம் கழித்துத் திரும்பியபோது அடுக்களையில் கிளிஃபர்ட், கையில் சூடு தாங்கும் துணி உறையோடு. பக்கத்தில் சீக்கிரமே வந்துவிட்ட காட்ஃப்ரி.

"சாஸேஜ் ரோலைச் சூடு பண்ணலாம்னு திறந்தேன்" என்றார் கிளிஃபர்ட். "இது உள்ளே படுத்திருக்கு. எட்னா?"

"ஈரமா இருந்துச்சு" என்றாள் எட்னா. "ஷெட்டுல... ஈரம்."

காட்ஃப்ரி கேசட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இந்த வித்தையை உங்களுக்கு யார் சொல்லித் தந்தாங்க, மேடம்? பழைய நாடா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பெரிய காப்பகத்துல எல்லாம் இப்படித்தான் இளஞ்சூட்டுல வெச்சு எடுக்கறாங்க. இனிமே படம் கண்ணாடி மாதிரி ஓடும்."

"என் பொண்டாட்டி" என்றார் கிளிஃபர்ட், அவள் தோளில் உறையோடு கையை வைத்து. கல்யாணத்தன்று கூட அவளை அப்படி அறிமுகப்படுத்தியதில்லை.

மிஸ் கார்டீலியா ஃப்ரேன் கைத்தடியும் ஊதாத் தொப்பியுமாக வந்து சோபாவின் நடுவில் அமர்ந்தார். தட்டை நீட்டியதும் மூன்று சாஸேஜ் ரோல் எடுத்துக்கொண்டு, "ரயில்ல குடுக்கற ரொட்டியை நாய் தின்னாது" என்றார். மேவிஸ் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். கிளிஃபர்ட் சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"உக்காரேன் கிளிஃபர்ட்" என்றாள் எட்னா.

"நின்னு பாக்கறேன்."

அவர் முகம் வெளுத்திருந்தது. சோபாவின் முதுகை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனபோதுகூட அவர் எதையும் அப்படிப் பிடிக்கவில்லை. எட்னாவுக்கு அதைப் பார்த்ததும் தாங்கவில்லை. காட்ஃப்ரி பட்டனை அழுத்த, திரையில் இரைச்சல் கிளம்ப, அவள் எழுந்து நின்றாள்.

"நிறுத்துங்க. நான் ஒண்ணு சொல்லணும்."

"உஷ்" என்றார் காட்ஃப்ரி.

"உஷ்ஷும் இல்ல, கிஷ்ஷும் இல்ல. அதுல பேய் கிடையாது. நான்தான் அழிச்சேன். கேசட்டை மாத்திப் போட்டு ரோஜாவைப் பதிஞ்சுட்டேன். சளின்னு பொய் சொன்னதும் நான்தான். ஃபியூஸை மாத்தினதும் நான்தான். ஓவன்ல வெச்சது அதை உருக்கறதுக்குத்தான்."

யோசனை யாருடையது என்பதை அவள் சொல்லவில்லை. மேவிஸ் நன்றியோடு கூரையைப் பார்த்தாள்.

எல்லோரும் எட்னாவையே பார்த்துக்கொண்டிருந்ததால், அறிவிப்பாளர் வருந்தி முடித்ததை யாரும் கேட்கவில்லை. திரையில் பச்சைச் சட்டைக்காரர் வந்தார். காப்பகம் மெச்சும் துல்லியத்தில் ஒரு கிளையை வெட்டினார்.

எட்னா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சோபாவைச் சுற்றி வந்து, அதன் கைப்பிடியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்பாடா" என்றார்.

"என்ன அப்பாடா?"

"ஒரு வாரமாத் தூக்கம் இல்ல, எட்னா. எனக்குப் பேய்ன்னா ஆகாது. அன்னைக்குப் பட்டனை அமுக்கிட்டு அடுக்களைக்கு ஓடினவன்தான். சத்தம் கேக்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னேன். அப்புறம் இந்த டேப்பை நான் போட்டுப் பாத்ததே இல்ல."

"அப்ப அந்தக் கை? சுவரைப் பிளந்துக்கிட்டு வருமே?"

"டிவி பத்திரிகைல மூணு வரி போட்டிருந்தான். மிச்சம் நானாச் சேத்துக்கிட்டது."

"நகம்?"

"நகமும்தான்."

எட்னாவுக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, அணைக்கவும் தோன்றியது. கையில் கிடைத்த அடுக்களைத் துணியால் முதுகில் ஒன்று போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே சாய்ந்துகொண்டாள். அவர் சிரித்தார். ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் கேட்காத சிரிப்பு.

"ஆனா இதைக் கேட்டுக்கோ" என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "உலகத்துல இருந்த ஒரே ஒரு பிரதி. என் கையால போச்சு. அந்தப் பாவம் பாவம்தான்."

காட்ஃப்ரி துக்க வீட்டில் நிற்பவர்போலத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடிகையின் பக்கம் குனிந்தார். "மன்னிக்கணும், மிஸ் ஃப்ரேன். இவ்வளவு தூரம் உங்களை வரவழைச்சுட்டோம்."

மிஸ் ஃப்ரேன் மூன்றாவது சாஸேஜ் ரோலை நிதானமாக மென்று முடித்து, மடியில் விழுந்த துகள்களைத் தட்டிவிட்டு, எட்னாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எதையும் அழிக்கல கண்ணு, அந்த வாரம் விளக்குப் போடறவங்க ஸ்டிரைக், ஏழாவது கதையை நாங்க படமே பிடிக்கல, பத்திரிகைல மட்டும் அச்சாயிடுச்சு, அதுக்குப் பதிலா அன்னைக்கு இந்த ரோஜாக்காரரைத்தான் போட்டாங்க, அந்தக் கதைல கடைசில நான் செத்துப்போகணும், சரி, எடுக்காத படமே கிடைச்சிடுச்சுங்கறாங்களே, எப்படித்தான் செத்தேன்னு பாத்துட்டுப் போலாமேன்னு வந்தேன்."