மூக்கு சார் மோப்பம் பிடித்த மாலை

"இன்னைக்கும் தண்ணி குடிக்கலையா?" என்றாள் மனைவி, அவர் தோளிலிருந்து சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டே. "அலுமினிய பாட்டில் குண்டு மாதிரி கனக்குது. வாங்கிக் குடுத்து ரெண்டு நாள்தான் ஆகுது. அதுக்குள்ள அலுத்துப்போச்சா?"

"வேலை ஜாஸ்திம்மா. மூடியைக்கூடத் திறக்கல."

பையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்க லைட்டரை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க, கேஸ் நாத்தம் வரல?"

அவர் மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தார். அவருக்கு வரவில்லை.

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் 'மூக்கு சார்'. கேஸுக்கு இயற்கையில் வாசனை எதுவும் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று அதில் அழுகிய முட்டை நாற்றத்தைக் கலந்து அனுப்புவார்கள். ஊருக்குக் குழாயில் போகும் கேஸில், தினம் காலையில் ஒரு பாட்டில் நாற்றத்தை ஊற்றுவதுதான் அவர் உத்தியோகம். பதினோரு வருடமாக அதையே சுவாசித்து, அந்த ஒரு நாற்றத்துக்கு மட்டும் அவருடைய மூக்கு செத்துப்போயிருந்தது. இது அவருக்கும் மூக்குக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். கம்பெனியில் வருடாவருடம் மூக்குப் பரிசோதனை உண்டு. போன வருடம் பக்கத்தில் நின்றவர் முகம் சுளித்த குப்பியைப் பார்த்து, "இதுதான்" என்று கைகாட்டித் தப்பித்தார். இந்த வருடப் பரிசோதனை அடுத்த வாரம். தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"சாக்கடையா இருக்கும்," என்றார்.

"சாக்கடைக்கும் கேஸுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? உங்களுக்கு வருதா, வரலையா?"

"வருது வருது. லேசா."

"லேசாவா? எனக்குக் கண்ணே எரியுது."

ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் புத்தகத்தோடு எட்டிப்பார்த்தாள். "அப்பா, வாசனை மூலக்கூறு மூக்கு உச்சியில இருக்கிற ஏற்பியில போய் ஒட்டணும். ஒட்டினாதான் ஏற்பி மூளைக்குச் சேதி அனுப்பும். ஒரே மூலக்கூறு ஓயாம வந்துட்டே இருந்தா, ஏற்பி பதில் சொல்றதை நிறுத்திடும். நேத்துதான் நடத்தினாங்க."

"எனக்கே பாடமா?" என்றவர் மனைவியிடம் திரும்பினார். "லைட்டரைக் கீழ வை. சுவிட்சைத் தொடாதீங்க. எல்லாரும் வெளிய வாங்க."

கேஸ் வால்வை முதலில் மூட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவர், அதைச் சுத்தமாக மறந்துபோனார். பயம் வந்தால் எதையாவது கட்டிப்பிடித்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு. கைக்குக் கிடைத்தது சாப்பாட்டுப் பை. மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

எதிர்வீட்டுத் தையற்காரர் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினார். "சார், எங்க வீட்டுப் பக்கமும் அடிக்குதே."

"பயப்படாதீங்க. எங்கேருந்து வருதுன்னு ஒவ்வொரு வீடா மோந்து பார்த்துடறேன்," என்றார் மூக்கு சார்.

அதுதான் வினையாகிவிட்டது. அவர் கதவருகே குனிந்து மோந்த எல்லா வீட்டிலும் ஐந்து நிமிடத்தில் கேஸ் கசிந்தது. இரண்டாம் மாடி டீச்சர், "இவ்வளவு நேரம் ஒண்ணும் இல்லையே, நீங்க வந்தப்புறம்தானே வருது," என்று அலறிக்கொண்டு குழந்தையைத் தூக்கினார். மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் பல்செட்டை மறந்துவிட்டுப் படியிறங்கினார். அரைமணி நேரத்தில் மொத்தக் கட்டடமும் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் கூடிவிட்டது.

அங்கே நாற்றம் இன்னும் அதிகம்.

"தரைக்கு அடியில குழாய் வெடிச்சிருக்கும்போல," என்றார் தையற்காரர்.

மூக்கு சார் பையை இன்னும் இறுக்கினார். "தெருமுனைக்கு வாங்க. அங்க காத்து நல்லா வரும்."

தெருமுனையிலும் வந்தது. எதிர்த்திசையில் கூட்டிப்போனார். அங்கேயும் கூடவே வந்தது. ஊரே ஊதிய பலூனாகி, யாரோ ஒருவர் தீக்குச்சி கிழிப்பதற்காகக் காத்திருப்பது போல அவருக்குத் தோன்றியது. மகளின் கையைப் பிடித்தார். அவள் கை சில்லென்று இருந்தது. அல்லது அது அவர் கைதானோ என்னவோ. மூக்கு மட்டும் உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் கண்டுபிடித்திருக்கலாம். வேலை போனால் போகட்டும்.

"எனக்கு எதுவுமே வரலம்மா," என்றார் மனைவியின் காதில். "ரெண்டு வருஷமாவே வரல."

"தெரியும்," என்றாள் அவள். "நீங்க வீட்டுக்குப் போட்டுட்டு வர்ற சட்டையை மோந்தவ நான்."

அதற்குள், டீச்சர் போன் செய்து வரவழைத்த கம்பெனி அவசர வண்டி வந்தது. மெக்கானிக் இறங்கினார், கையில் மீட்டர். இரண்டு முறை மூச்சை இழுத்தார். நேராக மூக்கு சாரிடம் வந்து, பையைப் பிடுங்கி, உள்ளேயிருந்த அலுமினிய பாட்டிலை வெளியே எடுத்தார். மூடியோரம் ஈரம் கசிந்திருந்தது.

"சார், இது நம்ம ஆபீஸ் பாட்டில். நாத்தம் இதுலேருந்துதான் வருது."

எல்லோரும் சேர்ந்து பேசினார்கள்.

"எங்க போனாலும் கூடவே தூக்கிட்டு வந்தீங்களேய்யா," என்றார் தையற்காரர். பெரியவர் பல்லில்லாமல் ஏதோ திட்டினார். புரியாததால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மூக்கு சாருக்கு அவமானத்தில் காது சுட்டாலும், உள்ளுக்குள் உயிர் திரும்பி வந்தது. கசிவு இல்லை. அது போதும்.

"ரூல்ஸுக்கு ஒரு தடவை மேல பார்த்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் யாரும் ஏறாதீங்க," என்று மெக்கானிக் படியேறினார்.

திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"சார், உங்க அடுப்பு ரப்பர் குழாய்ல விரிசல். மீட்டர் கத்து கத்துன்னு கத்துது. அடுப்படி முழுக்க கேஸ். வால்வை மூடி, ஜன்னலைத் திறந்துட்டேன். இந்த நாத்தத்துக்குப் பயந்து அக்கா அடுப்பைப் பத்தவைக்காம விட்டதால தப்பிச்சீங்க." அவர் மீட்டரை இன்னொரு முறை பார்த்தார். "ஆனா ஒண்ணு புரியல. அந்தக் கேஸ்ல பொட்டு நாத்தம்கூட இல்ல."

மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் மெக்கானிக் கையிலிருந்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இது ஆபீஸ் பாட்டில்னா, அம்மா குடுத்தனுப்பின தண்ணியை எதுல ஊத்தினீங்க?"