பதிவில் இன்னொரு குரல்

"உங்கள் பதிவில் இன்னொரு பெண்ணின் குரல் கேட்கிறது. இனியும் இது தொடர்ந்தால் உங்கள் கணக்கு மூடப்படும்."

கடிதத்தை மூன்று முறை படித்த இன்ஷிராஹ், சமையலறை ஜன்னலைத் திறந்து மன்வருக்குள் தலையை நீட்டினாள். காற்று வரட்டும் என்று கட்டடத்தின் நடுவே விட்ட குழி அது. காற்று வருவதில்லை. நாலு மாடிச் சண்டையும் சமையலும் தவறாமல் வரும்.

"உம்மு ஹாஸிம்! நேத்து மத்தியானம் மலூகியாக் கீரைக்குப் பூண்டு கொட்டுறப்ப 'ஹ்ஹா'ன்னு மூச்சை இழுத்தீங்களா?"

கீழ் வீட்டிலிருந்து உடனே பதில் வந்தது. "பின்ன? மூச்சை இழுக்காம எறக்கினா அது மலூகியாவாடி? வெறும் பச்சைத் தண்ணி!"

"என் பொழப்பு போயிரும் போல இருக்கு. நான் வேலை பாக்குறப்ப மட்டும் மெதுவா இழுங்களேன்."

"மெதுவா இழுத்தா ருசி இறங்காது. உன் பொழப்பை நீ பாரு, என் கீரையை நான் பாக்குறேன்."

ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

இன்ஷிராஹின் பிழைப்பு கொஞ்சம் விசித்திரமானதுதான். இணையத்தில் கடை விரிப்பவர்கள், அந்தக் கடைக்குள் சாதாரண மனுஷி ஒருத்தி எங்கெங்கே முட்டிக்கொள்கிறாள் என்று பார்க்க ஆசைப்படுவார்கள். இவள் மடிக்கணினி முன் உட்கார்ந்து அவர்கள் பக்கத்தைத் திறந்து, மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திரையும் குரலும் பதிவாகும். பத்து விநாடி சும்மா இருந்தால், 'தொடர்ந்து பேசுங்கள்' என்று திரை கெஞ்சும். பிறந்ததிலிருந்து 'வாயை மூடு' என்று மட்டுமே கேட்டு வளர்ந்தவளுக்கு, சொர்க்கத்திலிருந்து இறக்கிய உத்தியோகம்.

எட்டு மாதமாக நல்ல பெயர் வேறு. 'நிதானமான குரல், பொறுமையான விளக்கம்' என்று போன வாரம்கூட ஒரு பாராட்டு வந்தது. அதைத் தமன்ஹூரிலிருக்கும் தம்பி ஷுக்ரிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். அவன் ரொம்ப நேரம் சிரித்தான்.

"அக்கா, வேற யாருக்கோ போக வேண்டிய கடிதம் அது. உன் குரல் நிதானமா? இங்க வந்துடு. என் மாமியாருக்கு மருந்து குடுக்க ஆளில்ல, பின்னாடி ஒரு ரூமும் இருக்கு."

இன்ஷிராஹ் பேச்சை மாற்றி அழைப்பைத் துண்டித்தாள். கணவனை விட்டு வந்தபின் அலெக்சாந்திரியாவில் தனக்கென்று ஒரு கதவு, ஒரு சாவி. அதைக் காப்பாற்றித் தருவது இந்த வேலை ஒன்றுதான். போனால் தமன்ஹூர்தான், மாமியாரின் மருந்துக் கரண்டிதான்.

ஆகவே அடுத்த சோதனைக்கு ஜன்னலில் கம்பளியை ஆணியடித்து மாட்டினாள். குளிர்பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கினாள். படுக்கையறையில் போர்வைக்குள் நுழைந்து, வேர்த்து விறுவிறுத்து ஒரு மருந்துக்கடைப் பக்கத்தை அரைமணி நேரம் திட்டித் தீர்த்தாள்.

மறுநாள் அம்மான் நகரிலுள்ள அலுவலகத்திலிருந்து லமீஸ் என்ற பெண் எழுதினாள். சோதனையாளர்களை மேய்ப்பவள் அவள்தான். எட்டு மாதப் பழக்கம், எல்லாம் எழுத்தில் மட்டும்.

"மேடம், மறுபடியும் ரெண்டு குரல்."

"அது கீழ் வீட்டு மலூகியா, கண்ணு," என்று தட்டினாள் இன்ஷிராஹ்.

"மலூகியா வாக்கியமா பேசுமா மேடம்? ரொம்பப் பக்கத்துல கேக்குது. ஒரே போர்வைக்குள்ள இருக்குற மாதிரி."

போர்வை விஷயத்தை இன்ஷிராஹ் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, இந்த வீடே சரியில்லை என்று முடிவுகட்டி, வாசல் காவல்காரர் தாஹியிடம் போய் ஐந்தாம் மாடிச் சாவியைக் கேட்டாள்.

"அந்த வீடா? சொந்தக்காரங்க கனடா போயி ஆறு வருஷமாப் பூட்டிக் கெடக்கே," என்று தலையைச் சொறிந்தார் தாஹி. "போறதுன்னா வாசல்லயே 'தஸ்தூர்' சொல்லிட்டுப் போங்கம்மா. இருக்கறவங்க ஒதுங்கி வழி விடணும்ல?"

"யாரு இருக்கறவங்க?"

"யாரும் இல்லதான். ஆனா சொன்னா என்ன, நாக்கு தேஞ்சா போயிடும்?"

மேலே எல்லா நாற்காலிகளும் வெள்ளைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தன. பகல் பதினோரு மணி வெயில் உள்ளே வந்தும் அறை சில்லென்று இருந்தது. எங்கிருந்தும் ஒரு சத்தமில்லை. இன்ஷிராஹ் வாசலில் ஒருமுறை தஸ்தூர் சொன்னாள். பதிவு ஓடத் தொடங்கியதும், எதற்கும் இருக்கட்டும் என்று திரையைப் பார்த்து இன்னொரு முறை சொன்னாள். அன்றைய வேலை ஒரு மரச்சாமான் கடை. நாற்காலி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் போட வேண்டும், பிறகு வாங்காமல் வெளியேற வேண்டும். வழக்கம்போல் கத்தினாள், புலம்பினாள், முடித்தாள். பிடரியில் மட்டும் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் லமீஸ், பதிவை எழுத்தாக்கிய தாளை அனுப்பிவைத்தாள்.

"தஸ்தூர்."

"இங்க யாரும் இல்ல, தைரியமா வா."

"எந்த எழவெடுத்தவன் கட்டின கடை இது? கூடையை எங்கடா ஒளிச்சு வெச்சே?"

"மேல, இடது ஓரம். ரொம்பச் சின்னதா இருக்கு. வயசானவங்க கண்ணுக்குப் படாது."

"கண்ணே அவிஞ்சு போகுதே!"

"அவசரப்படாதே. மெதுவாப் பாரு."

இன்ஷிராஹ் எழுந்து சமையலறைக்கு ஓடினாள். வீட்டிலிருந்த உப்பையெல்லாம் அறை மூலைகளில் கொட்டினாள், மிச்சத்தை மடிக்கணினி மேலேயும் தூவினாள். பாதி எழுத்துப் பொத்தான்கள் நறநறவென்று பல்லைக் கடித்தன. சாம்பிராணி போட்டாள். புகை மன்வர் வழியாக இறங்க, "தீ! தீ!" என்று உம்மு ஹாஸிம் அலற, தாஹி வாளியோடு ஓடி வந்து கம்பளி, கட்டில், இன்ஷிராஹ் என்று வரிசையாக நனைத்தார்.

"பேய்க்கா பொகை போட்டீங்க?" என்றார் மூச்சிரைக்க. "அதுங்களோட மரியாதையாப் பேசினாலே போதுமேம்மா. வெரட்டப் பார்த்தாத்தான் வம்பு."

அன்று மாலையே லமீஸின் கடைசிச் செய்தி வந்தது. "நாளைக்குப் பத்து மணிக்கு நேரலை. பெரிய வாடிக்கையாளர், நானும் கூடவே கேட்பேன். ஒரே குரல்தான் இருக்கணும். இல்லேன்னா கணக்கை மூடறதைத் தவிர வழியில்ல மேடம்."

ஷுக்ரியும் அழைத்தான். "பெட்டி கட்டிட்டியா?"

மறுநாள் பத்துக்கு ஐந்து நிமிடம் முன், ஈரம் காயாத அறையில் இன்ஷிராஹ் தன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த வெறும் இடத்தைப் பார்த்துக் கைகூப்பாத குறையாகப் பேசினாள்.

"அக்காவோ தங்கச்சியோ, யாரா இருந்தாலும் சரி. உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. இந்த வேலை போச்சுன்னா நான் தமன்ஹூர்ல கரண்டி பிடிச்சே சாவேன். ஒரே ஒரு அரைமணி நேரம், ஒரு வார்த்தை பேசாம இரு. உனக்குக் கோடிப் புண்ணியம்."

நாற்காலியின் பிரம்பு, யாரோ நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்ததுபோல் மெல்ல முனகியது. பிறகு அமைதி.

நேரலை தொடங்கியது. படகுச் சவாரிக்கு இடம் பதியும் பக்கம். இன்ஷிராஹ் வாழ்நாளில் பேசாத பேச்சையெல்லாம் பேசினாள். நாள்காட்டியைத் திட்டினாள், பொத்தானின் நிறத்தைப் பழித்தாள், வெளியேறும் வழி தெரியாமல் அதைச் செய்தவனின் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். மூச்சு வாங்கிய இடத்தில்கூட யாரும் குறுக்கே பேசவில்லை. கடைசிப் பக்கம் வந்தபோது அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பக்கத்து நாற்காலியைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தாள்.

"முடிஞ்சுது லமீஸ் கண்ணு! ஒரே குரல்தானே கேட்டுச்சு?"

மறுமுனையில் முதன்முறையாக லமீஸின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"ஒரே குரல்தாங்க... ஆனா இன்ஷிராஹ் மேடம் எங்க? எட்டு மாசமா அவங்க வேலை செய்யறப்ப நடுவுல பூந்து புலம்பறது நீங்கதானா?"